மறைந்திருக்கும் கோப்புகள்: எழுதியவர் யார், எதை அழிக்கலாம்?

வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவிவருகிறது. நாஸ் என்று அழைக்கப்படும் தனிப் பெட்டியாக அது இருக்கலாம். வைஃபை ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் செருகிய சாதாரண ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கலாம். ஒருவருடைய விண்டோஸ் கணினி, இன்னொருவருடைய மேக்புக், ஆண்ட்ராய்டு போன்கள், கூடத்து டிவி எல்லாமே படங்களையும் பாட்டுகளையும் அதிலிருந்துதான் எடுக்கின்றன. என்றாவது ஒரு நாள் யாரோ ‘மறைந்த கோப்புகளைக் காட்டு’ என்ற வசதியைத் தட்டிவிடுகிறார்கள். 200 படங்கள் இருந்த கோப்புறையில் திடீரென்று 400 கோப்புகள். ஒவ்வொரு படத்துக்கும் அதே பெயரில், முன்னால் புள்ளியும் அடிக்கோடும் ஒட்டிய இரட்டை ஒன்று. கூடவே ‘.டிஎஸ்_ஸ்டோர்’, ‘தம்ப்ஸ்.டிபி’, ‘டெஸ்க்டாப்.ஐஎன்ஐ’ என்று யாரும் உருவாக்காத பெயர்கள்.

முதலில் எழும் சந்தேகம் வைரஸ். அடுத்து வரும் வேகம், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட வேண்டும் என்பது. சந்தேகம் பெரும்பாலும் தவறு. வேகம் சில நேரம் ஆபத்து. இந்தக் கோப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துவிட்டால் எதை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

மறைவு என்பது ஒரு ஏற்பாடு

மறைந்த கோப்பு என்று தனி வகைக் கோப்பு எதுவும் கிடையாது. மற்ற கோப்புகளைப் போலவே அதுவும் வட்டில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. பட்டியலிடும் மென்பொருள் ‘இதைக் காட்ட வேண்டாம்’ என்று தாண்டிப் போகிறது, அவ்வளவுதான். எதைத் தாண்ட வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது.

யூனிக்ஸ் குடும்பத்தில், அதாவது லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில், பெயர் புள்ளியில் தொடங்கினால் அது மறைந்த கோப்பு. இந்த வழக்கத்தை யாரும் திட்டமிட்டு வடிவமைக்கவில்லை என்கிறார் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக். 2012இல் அவர் எழுதிய குறிப்பின்படி, யூனிக்ஸின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்கள் வந்து சேர்ந்தன. முன்னது அதே கோப்புறையைக் குறிக்கும். பின்னது அதற்கு மேலுள்ளதை. பட்டியலில் அவை இரண்டும் தெரிய வேண்டாம் என்பதற்காக கென் தாம்சனோ டென்னிஸ் ரிட்சியோ ஒரு குறுக்குவழி எழுதினார்: முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் தாண்டிப் போ. இரண்டு பெயர்களை மட்டும் மறைக்க வந்த அந்த வரி, புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களையும் மறைத்துவிட்டது. பிறகு வந்த நிரலாளர்கள் தங்கள் அமைப்புக் கோப்புகளை ஒளித்துவைக்க இது வசதி என்று கண்டுகொண்டார்கள். அது ஒரு பிழை என்பதே பைக்கின் தீர்ப்பு.

டாஸ், விண்டோஸ் வழி வேறு. அங்கே பெயருக்கும் மறைவுக்கும் தொடர்பில்லை. பழைய ஃபேட் கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் 32 பைட் நீளத்தில் ஒரு பதிவு இருக்கும். அதில் ஒரு பைட் முழுக்கப் பண்புகளுக்கு: படிக்க மட்டும், மறைந்தது, சிஸ்டம் கோப்பு, காப்பகம் என்று ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பிட். விண்டோஸ் இன்றும் இதே பண்புகளைத்தான் பார்க்கிறது. ‘மறைந்தது’, ‘சிஸ்டம்’ ஆகிய இரண்டும் சேர்ந்திருந்தால் கூடுதல் பாதுகாப்பு. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னாலும் அவை தெரியாது. ‘பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை’ என்ற இன்னொரு தேர்வையும் நீக்க வேண்டும்.

இந்த இரண்டு ஏற்பாடுகளும் அவரவர் கணினிக்குள் இருக்கும்வரை சிக்கல் இல்லை. பொது டிரைவில் அவை மோதிக்கொள்கின்றன. விண்டோஸ் பண்பு பிட் வைத்து மறைத்த ‘தம்ப்ஸ்.டிபி’யின் பெயரில் புள்ளி இல்லை; ஆகவே லினக்ஸ் கணினியில் அது பட்டப்பகலாகத் தெரியும். மேக் புள்ளி வைத்து மறைத்த கோப்பு, பென்டிரைவ் வழியாக விண்டோஸுக்குப் போனால் வெளியே தெரிந்துவிடலாம். நெட்வொர்க் வழியாகப் போகும்போது நிலைமை கொஞ்சம் தேவலை. பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் இயங்குவது ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிவைத்த சாம்பா என்ற மென்பொருள். புள்ளிக் கோப்புகளை விண்டோஸிடம் ‘மறைந்தவை’ என்று மொழிபெயர்த்துச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு.

பொது நூலகப் புத்தகத்தில் வாசகர்கள் ஆளுக்கு ஒரு குறிப்பைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைப்பது போன்றதுதான் இது. எழுதியவருக்கு அது பயன்; அடுத்தவருக்குக் கிறுக்கல்.

யார் எதை எழுதுகிறார்கள்?

மேக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு கோப்புறையைத் திறந்தால், ஐகான்கள் எந்த இடத்தில் இருந்தன, பட்டியலாகப் பார்த்தீர்களா கட்டமாகப் பார்த்தீர்களா என்பன போன்ற விவரங்களை, மேக்கில் கோப்புகளைக் காட்டும் மென்பொருளான ஃபைண்டர் ‘.டிஎஸ்_ஸ்டோர்’ என்ற கோப்பில் எழுதிவைக்கிறது. மேக் ஓஎஸ் எக்ஸுக்காக ஃபைண்டரைப் புதிதாக எழுதிய குழுவுக்குத் தொழில்நுட்பத் தலைமை வகித்தவர் ஆர்னோ கூர்டோல். ‘டெஸ்க்டாப் சர்வீசஸ்’ என்ற உள்பகுதி தன் தகவலைச் சேமிக்கும் இடம் என்பதே அந்தப் பெயரின் விரிவு என்று 2006இல் அவர் விளக்கினார். பயனர் ஏதாவது மாற்றம் செய்தால் மட்டுமே அந்தக் கோப்பு உருவாக வேண்டும் என்பது திட்டம். ஒரு பிழையால் அளவுக்கு மீறி எங்கும் உருவாகத் தொடங்கிவிட்டது என்றும் அவரே ஒப்புக்கொண்டார்.

புள்ளியும் அடிக்கோடும் ஒட்டிய இரட்டைக் கோப்புகளின் கதை இன்னும் பழையது. 1984இல் வந்த மேக்கின்டோஷ், ஒரு கோப்பை இரண்டு கிளைகளாக வைத்திருந்தது. ஒன்றில் உள்ளடக்கம், மற்றொன்றில் ஐகான், எழுத்துரு, மெனு போன்ற துணைச் சரக்கு. மற்ற கணினிகளின் கோப்பு முறைகளுக்கு இரண்டு கிளை என்ற ஏற்பாடே தெரியாது. அங்கே கொண்டுபோகும்போது இரண்டாவது கிளை தொலையாமல் இருக்க, அதைத் தனிக் கோப்பாக எழுதும் ‘ஆப்பிள்டபுள்’ என்ற முறை பிறந்தது. ‘கோவில்.ஜேபிஜி’ என்ற படத்துக்குப் பக்கத்தில் ‘._கோவில்.ஜேபிஜி’ முளைப்பது இதனால்தான். இன்றைய மேக்கில் பழைய துணைச் சரக்கு அரிது. ஆனால் இணையத்திலிருந்து இறக்கியது என்ற எச்சரிக்கைக் குறி, வண்ண அடையாளங்கள் போன்ற கூடுதல் பண்புகளை வைக்க வேறு இடம் கிடைக்காதபோது மேக் இதே வழியைத்தான் பிடிக்கிறது. இப்படிப்பட்ட கோப்பு பெரும்பாலும் 4 கேபி அளவே இருக்கும்.

விண்டோஸ் தரப்பில் ‘தம்ப்ஸ்.டிபி’. படக் கோப்புறையைத் திறக்கும்போது சிறு படங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிக்காமல் சேர்த்துவைக்கும் கிடங்கு இது. எக்ஸ்பி காலம்வரை ஒவ்வொரு படக் கோப்புறையிலும் இருந்தது. விஸ்டா வந்தபோது இந்தக் கிடங்கைப் பயனரின் சொந்தக் கணக்குக்குள் ஓரிடத்தில் குவித்தார்கள். நெட்வொர்க் கோப்புறைகளுக்கு மட்டும் பழைய பழக்கம் தொடர்ந்தது. அதனால்தான் சொந்தக் கணினியில் எங்கும் காணாத தம்ப்ஸ்.டிபி, நாஸில் மட்டும் தலைகாட்டுகிறது. ‘டெஸ்க்டாப்.ஐஎன்ஐ’ வெறும் எழுத்துக் கோப்பு. கோப்புறைக்குத் தனி ஐகானோ தனிப் பெயரோ வைத்திருந்தால் அது இதில் இருக்கும்.

போனிலிருந்து மொத்தமாக நகலெடுப்பவர்கள் வேறு சிலவற்றைக் கொண்டுவருகிறார்கள். ‘.நோமீடியா’ என்பது பெரும்பாலும் உள்ளே எதுவும் இல்லாத கோப்பு. ‘இந்தக் கோப்புறையைக் கேலரியில் காட்டாதே’ என்று ஆண்ட்ராய்டுக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. வாட்ஸ்அப் கோப்புறையை முழுதாக எடுத்தால், நீங்கள் பார்த்த மற்றவர்களின் ஸ்டேட்டஸ் படங்கள் உள்ள மறைந்த கோப்புறையும் சேர்ந்தே வந்துவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல், குப்பைக்கு அனுப்பிய படங்கள் ‘.ட்ராஷ்ட்’ என்று தொடங்கும் பெயரோடு சில காலம் அங்கேயே கிடக்கும். அவையும் நகலில் ஏறிக்கொள்ளும்.

கடைசியாக, பெட்டியே எழுதிக்கொள்பவை. சினாலஜி நாஸில் ‘@இஏடிர்’, கியூநாப் நாஸில் ‘.@__தம்ப்’ என்ற கோப்புறைகள் சிறு படங்களுக்கானவை. ‘#ரீசைக்கிள்’ அல்லது ‘@ரீசைக்கிள்’ என்பது பெட்டியின் சொந்தக் குப்பைத்தொட்டி.

என்ன கெடுதல்?

ஒரு கோப்பு 4 கேபி என்றால் 10,000 கோப்புக்கு 40 எம்பி. இந்தக் காலத்து வட்டில் அது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் வட்டு இடத்தைக் கோப்பின் அளவுக்கு ஏற்ப அளந்து கொடுப்பதில்லை, கட்டங்களாக ஒதுக்குகிறது. எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் அமைத்த 32 ஜிபிக்கு மேற்பட்ட வட்டில் விண்டோஸ் வைக்கும் வழக்கமான கட்டம் 128 கேபி. 4 கேபி கோப்பும் அங்கே ஒரு முழுக் கட்டத்தை விழுங்கும். 10,000 கோப்புகள் சேர்ந்தால் ஏறத்தாழ 1.2 ஜிபி. ரவுட்டரில் மாட்டியிருப்பது எக்ஸ்ஃபேட் வட்டாக இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

இடத்தைவிடப் பெரிய தொல்லை, எண்ணிக்கை. நெட்வொர்க்கில் ஒரு பெரிய கோப்பை அனுப்புவது எளிது. ஆயிரம் குட்டிக் கோப்புகளை அனுப்புவதற்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திறப்பு, எழுத்து, மூடல் என்று பேச்சுவார்த்தை நடக்க வேண்டும். காப்புநகல் எடுப்பதும், இரண்டு இடங்களை ஒத்திசைப்பதும் இதனால் இழுத்தடிக்கும். சில டிவிகளும் கார் ஸ்டீரியோக்களும் புள்ளிக் கோப்புகளை மறைக்கத் தெரியாதவை. ‘._’ என்று தொடங்கி எம்பி3 என்று முடியும் பெயரைப் பார்த்து அதையும் பாட்டு என்று எடுத்துக்கொண்டு, இயக்க முடியாமல் விழிக்கும்.

காலியான கோப்புறையை அழிக்கப் போனால் ‘வேறொரு மென்பொருள் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது’ என்று விண்டோஸ் மறுப்பதற்கும் பல நேரங்களில் தம்ப்ஸ்.டிபிதான் காரணம். விண்டோஸில் கோப்புகளைக் காட்டும் எக்ஸ்புளோரரே அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்தரங்கமும் இதில் அடங்கும். ஒரு படத்தை நீங்கள் அழித்த பிறகும் அதன் சிறு வடிவம் தம்ப்ஸ்.டிபிக்குள் தங்கியிருக்கலாம், தடயவியல் ஆய்வாளர்கள் இதை நன்கு பயன்படுத்துகிறார்கள். .டிஎஸ்_ஸ்டோரில் கோப்புறையில் இருந்த கோப்புகளின் பெயர்கள் பதிந்திருக்கும். அது தவறுதலாக இணையதளச் சர்வருக்கு ஏறிவிட்டால், வெளியே தெரியக் கூடாத பெயர்களை அந்நியர் படித்துவிட முடியும்.

எதைத் தொடக் கூடாது?

முதல் வகையில் பயமின்றி அழிக்கக் கூடியவை வரும். .டிஎஸ்_ஸ்டோர் போனால் ஐகான்களின் வரிசை மட்டும் போகும். தம்ப்ஸ்.டிபி போனால் சிறு படங்கள் மறுபடி உருவாகும். டெஸ்க்டாப்.ஐஎன்ஐ போனால் தனி ஐகான் போய்ச் சாதாரண மஞ்சள் ஐகான் வரும்.

இரண்டாவது வகைக்கு யோசனை தேவை. ‘._’ கோப்புகளில் படம், பாட்டு, வீடியோவுக்குப் பக்கத்தில் இருப்பவற்றை நீக்கினால் வண்ண அடையாளம் போன்றவை மட்டுமே போகும். ஆனால் பழைய மேக்கின்டோஷ் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்களில் உள்ளடக்கம் முழுவதும் இரண்டாவது கிளையில்தான் இருந்தது. முதல் கிளை சுழியம் பைட். அச்சகத்திலிருந்தோ பழைய பத்திரிகை வேலையிலிருந்தோ வந்த சேகரிப்பில் ‘._’ கோப்பை அழித்தால் எழுத்துருவே போய்விடும். சினாலஜியின் @இஏடிர் கோப்புறையிலும், சிறு படங்களோடு மேக் அனுப்பிய கூடுதல் பண்புகள் இருக்கலாம். அதை அழித்தால் பெட்டி எல்லாச் சிறு படங்களையும் மீண்டும் தயாரிக்க உட்காரும்.

மூன்றாவது வகையைத் தொடவே கூடாது. ‘~$’ என்று தொடங்கும் கோப்பு, வேர்டு அல்லது எக்செல் ஆவணத்தை யாரோ இப்போது திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதன் அடையாளம். எல்லோரும் மூடிய பிறகும் அது கிடந்தால் மட்டும் நீக்கலாம். ‘ஸ்பார்ஸ்பண்டில்’ என்று முடியும் கோப்புறை, மேக்கின் டைம் மெஷின் எடுத்துவைத்த காப்புநகல். உள்ளே இருக்கும் ஒரு துண்டை எடுத்தாலும் மொத்தமும் பாழாகலாம். லினக்ஸ் வட்டில் இருக்கும் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’, வட்டு பழுதாகி மீட்கப்படும்போது அனாதைத் துண்டுகள் வந்து சேரும் இடம். யுஎஸ்பி வட்டில் காணப்படும் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ விண்டோஸுக்குச் சொந்தமானது. நீக்கினாலும் திரும்பவும் வரும்.

சந்தேகத்துக்கு இடமான வகையும் உண்டு. 2008இன் இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு, பென்டிரைவ்களிலும் நெட்வொர்க் டிரைவ்களிலும் ‘ரீசைக்ளர்’ என்ற கோப்புறைக்குள் தன்னை ஒளித்துக்கொண்டு, ‘ஆட்டோரன்.ஐஎன்எஃப்’ கோப்பால் தன்னை இயக்கச் செய்தது. படங்கள் இருக்கும் டிரைவின் மேல்மட்டத்தில் மறைந்த நிலையில் ஆட்டோரன்.ஐஎன்எஃப் இருந்தாலோ, உங்கள் கோப்புறைகள் மறைந்து அவற்றின் பெயரில் ஷார்ட்கட்டுகள் இருந்தாலோ, சொடுக்கிப் பார்க்காமல் முதலில் வைரஸ் சோதனை நடத்துங்கள்.

துடைப்பதற்கு முன் குழாயை மூடுங்கள்

கோப்புகளை அழித்துவிட்டு, எழுதும் கணினியை அப்படியே விட்டால் மறுநாளே எல்லாம் திரும்பிவிடும். ஆகவே தடுப்பு முதலில், துப்புரவு பிறகு.

மேக்கில், நெட்வொர்க் டிரைவில் .டிஎஸ்_ஸ்டோர் எழுதாதே என்று டெர்மினலில் ஒரே ஒரு வரியால் சொல்லலாம். ‘டிஎஸ்டோன்ட்ரைட்நெட்வொர்க்ஸ்டோர்ஸ்’ என்பது அந்த அமைப்பின் பெயர். கட்டளை வரியை ஆப்பிளின் உதவிப் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். ஒவ்வொரு மேக்கிலும் ஒவ்வொரு பயனர் கணக்கிலும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும்.

விண்டோஸ் புரோவில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, பயனர் அமைப்புகளில் ஃபைல் எக்ஸ்புளோரர் பகுதிக்குப் போனால், மறைந்த தம்ப்ஸ்.டிபி கோப்புகளில் சிறு படங்களைச் சேமிப்பதை நிறுத்தும் தேர்வு இருக்கிறது. ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் இல்லை. அதே வேலையை ரெஜிஸ்ட்ரியில் செய்ய வேண்டும். சிறு படங்கள் வர அதன்பின் சற்றுத் தாமதமாகலாம் என்பதே இதற்கான விலை.

‘._’ கோப்புகளுக்குத் தீர்வு பெட்டியின் பக்கம் இருக்கிறது. சாம்பா 4.2 பதிப்பிலிருந்து ‘ஃப்ரூட்’ என்ற துணைப்பகுதி சேர்ந்தது. மேக்கின் கூடுதல் பண்புகளை, தனிக் கோப்பாக வைக்காமல், மூலக் கோப்போடு ஒட்டியே வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது. நாஸ் பெட்டிகளில், நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறைக்கான அமைப்புகளில் மேக்கோடு ஒத்துப்போவதற்கான தேர்வாக இதைக் காணலாம். வைக்க ஓரிடம் கிடைத்துவிட்டால் மேக் இரட்டைக் கோப்பு எழுதுவதில்லை.

சாம்பாவில் ‘வீட்டோ ஃபைல்ஸ்’ என்று இன்னொரு வழியும் உண்டு. அந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்களைச் சர்வர் ஏற்கவும் செய்யாது, காட்டவும் செய்யாது. தம்ப்ஸ்.டிபிக்கு இது நல்ல மருந்து. ‘._’ கோப்புகளுக்கு வேறு இடம் தராமல் இதை மட்டும் போட்டால் மேக்கிலிருந்து நகலெடுப்பது பாதியில் பிழை காட்டி நிற்கலாம். ஏற்கெனவே இருக்கும் வீட்டோ கோப்புகள் அழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். ‘டிலீட் வீட்டோ ஃபைல்ஸ்’ என்ற அமைப்பையும் சேர்க்காவிட்டால், காலியாகத் தெரியும் கோப்புறை அழிய மறுக்கும்.

தடுத்தாயிற்று என்றால் துப்புரவு ஒரே முறை வேலை. மேக்கோடு நேரடியாக இணைத்த வட்டில் ‘டாட்_கிளீன்’ கட்டளை, ‘._’ கோப்பில் இருப்பதை மூலக் கோப்போடு சேர்க்க முயலும். வெறுமனே அழிப்பதைவிட நாகரிகமான வழி. நாஸுக்குள் லினக்ஸ் கட்டளை வரி திறக்கத் தெரிந்தவர்கள் ‘ஃபைண்ட்’ கட்டளையைப் பயன்படுத்துவார்கள். இங்கேதான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. ஃபைண்ட், தனக்குத் தரப்பட்ட சொற்களை இடமிருந்து வலமாக நிறைவேற்றும். ‘அழி’ என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டால், பெயரைப் பார்க்குமுன் அந்தக் கோப்புறைக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். முதலில் பெயரை மட்டும் கொடுத்துப் பட்டியல் எடுங்கள். அதை முழுதாகப் படியுங்கள். பிறகே அழிக்கும் சொல்லைக் கடைசியில் சேருங்கள். கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் எக்ஸ்புளோரரில் கோப்பின் முழுப் பெயரைத் தேடி, அளவு வாரியாக அடுக்கிப் பார்த்து நீக்கலாம். 4 கேபியாக வரவேண்டிய இடத்தில் 4 எம்பி கோப்பு வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ரவுட்டரில் மாட்டிய வட்டு காரணமின்றி நிரம்பியதாகக் காட்டினால் இன்னொன்றையும் பாருங்கள். அந்த வட்டு எப்போதாவது மேக்கில் நேரடியாகச் செருகப்பட்டிருந்தால், அங்கே அழித்தவை ‘.ட்ராஷஸ்’ கோப்புறையில் அப்படியே இருக்கும். வட்டை மறுபடி மேக்கில் செருகிக் குப்பைத்தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும்.

ஒன்று மட்டும் எப்போதும் மறக்கக் கூடாது. நெட்வொர்க் டிரைவில் விண்டோஸிலிருந்தோ மேக்கிலிருந்தோ அழிக்கும் கோப்பு உங்கள் கணினியின் குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. அந்த நொடியே போய்விடுகிறது. பெட்டியில் ரீசைக்கிள் வசதி இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே மீட்க வழி உண்டு. ஆகவே துப்புரவில் இறங்குமுன் அந்த வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். குடும்பப் படங்களுக்கு வேறொரு வட்டில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். மறைந்த கோப்புகள் பத்தாண்டு அப்படியே கிடந்தாலும் படங்களுக்கு எதுவும் ஆகாது. அவசரமாக அழிக்கும் ஒரு நிமிடத்தில்தான் ஆகும்.